தோணியில் எல்லாரும் ஜூன் மாதம் பிறந்தவர்கள்

போன வாரம் இந்தப் பக்கத்தில் என்னைக் காணோமே என்று சிலர் கார்டு போட்டிருக்கிறீர்கள். உடம்புக்கு முடியவில்லையா என்று ஒருவர். காலாண்டு லீவு என்றால் டீச்சரம்மாவின் பேனாவுக்கும் லீவா என்று இன்னொருவர். கிண்டல் புரிகிறது, சார்.

உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. தூத்துக்குடிக்குப் போயிருந்தேன். என் மகன் பாஸ்கரனைத் தோணியிலிருந்து இறக்கிக் கூட்டிவர.

தோணி என்றதும் ஆற்றைக் கடக்கிற படகை நினைத்துவிடாதீர்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். இது கடல் தாண்டும் தோணி. வெங்காயமும் செங்கல்லும் சிமெண்ட்டும் ஏற்றிக்கொண்டு, பாய் விரித்து, காற்றை நம்பி மாலத்தீவு வரைக்கும் போகிற மரக்கலம். எஞ்சின் கிடையாது. ராக்கெட் விடுகிற காலத்தில் இப்படி ஒன்று ஓடுகிறது என்பதே திண்டுக்கல்லில் உட்கார்ந்திருக்கிற எனக்குத் தெரியாது — அதில் என் பிள்ளை ஏறி உட்காரும் வரை.

முதலிலிருந்து சொல்கிறேன். கோபம் இன்னும் ஆறவில்லை. முன்னே பின்னே வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் வீட்டுக்காரர் ஒட்டன்சத்திரத்தில் ஒரு லாரி புக்கிங் ஆபீசில் வேலை பார்க்கிறார். காய்கறி லாரிகளை ஊர் ஊராக அனுப்பி வைக்கிற வேலை. அப்படித் தூத்துக்குடிக்கு வெங்காயம் ஏற்றிப்போகும் டிரைவர் கந்தசாமியோடு பாஸ்கரன் இதற்கு முன் இரண்டு தடவை போய் வந்திருக்கிறான். கடல் பார்க்க. மூன்றாவது தடவையும் அப்படித்தான் என்று நினைத்து, கட்டுச்சோறு கட்டிக்கொடுத்து அனுப்பினேன்.

செவ்வாய்க்கிழமை காலையில் கந்தசாமி மட்டும் வாசலில் வந்து நின்றார். செருப்பைக் கழற்றிவிட்டு, கைகளைக் கட்டிக்கொண்டு.

“தம்பி அங்கயே இருந்துக்குச்சுங்க டீச்சர். இதக் குடுக்கச் சொல்லுச்சு.”

“இருந்துக்கிட்டானா? எங்கே?”

“தோணியிலங்க. நம்ம வெங்காயம் ஏறுச்சுல்லங்க, அதே தோணி. ஆள் வேணும்னாங்க. தம்பி நான் வாரேன்னு சொல்லிப்போட்டுதுங்க.”

நோட்டுப் புத்தகத்தில் கிழித்த தாள். அவன் கையெழுத்து. அம்மா, கோபப்படாதே என்று ஆரம்பித்திருந்தான். வியாழக்கிழமை காலை புறப்படுகிறோம், போய்த் திரும்ப ஒரு மாதம், காற்று சரியில்லாவிட்டால் கூடக் கொஞ்சம் ஆகும், முதல் நடைக்குச் சமையல் வேலைதான், அடுத்த நடையில் பாய்க்கயிறு பிடிக்க விடுவார்கள் என்றெல்லாம் எழுதிவிட்டுக் கடைசியில் ஒரு வரி — “எனக்குப் பதினெட்டு முடிந்துவிட்டதால் உங்கள் கையெழுத்து வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.”

அந்த வரியை நான்கு தடவை படித்தேன்.

பதினெட்டா? வருகிற கார்த்திகை வந்தால்தான் அவனுக்குப் பதினேழு. பெற்றவளுக்குத் தெரியாதா?

பெற்றவளுக்குத் தெரியும். ஆனால் அவன் டி.சி.யில் பதினெட்டு முடிந்து மூன்று மாதம் ஆகிறது. அதையும் பெற்றவள்தான் எழுதினாள்.

இங்கே கொஞ்சம் நிறுத்தி, நம் பக்கத்து வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். படிக்கிறவர்களில் பாதிப் பேருக்கு இதில் ஆச்சரியம் எதுவும் இருக்காது. நீங்களே இப்படிப் பிறந்தவர்களாக இருப்பீர்கள்.

நான் வேலையில் சேர்ந்த புதிதில் சின்னாளபட்டிப் பக்கம் ஒரு ஆரம்பப் பள்ளி. நெசவு செய்கிற வீடுகள். ஜூன் மாதம் அட்மிஷன் என்றால் இடுப்பில் பிள்ளையோடு தாய்மார் வரிசையாக நிற்பார்கள். “டீச்சர், தறிக்குழியில விழுந்துருவான் டீச்சர். நூலைப் பூராம் இழுத்துப் போட்டுர்றான். எப்படியாச்சும் சேத்துக்கோங்க.” பிள்ளைக்கு மூன்றரை வயது இருக்கும். ஒன்றாம் வகுப்புக்கு ஐந்து முடிந்திருக்க வேண்டும். பிறந்த தேதிக்குச் சான்று? யாரிடம் இருக்கிறது? வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைத் தொடச் சொல்வோம். தொட்டால் ஐந்து வயது. தொடாவிட்டால்... தொடாவிட்டாலும் ஐந்து வயதுதான். தாய் அழுவாள், எங்களுக்கும் வகுப்பில் எண்ணிக்கை வேண்டும். ஜூன் மாதத்தில் ஒரு தேதியைப் போட்டுச் சேர்த்துக்கொள்வோம்.

ஐந்து வயது முடிந்திருக்க வேண்டும், பள்ளி திறப்பது ஜூனில் — எனவே பிள்ளைகள் அத்தனை பேரும் ஜூனில் பிறந்தார்கள். வேறொரு ரகமும் உண்டு. “குறைச்சுப் போடுங்க டீச்சர், சர்க்கார் வேலைக்குப் போனா கூட ரெண்டு வருசம் இருப்பான்.” அதையும் எழுதினோம். வேண்டியவர்களுக்கு வேண்டிய வயது. ரேஷன் கடையில்கூட இப்படித் தாராளம் கிடையாது.

என் பிள்ளைக்கு மூன்றரை வயதானபோது பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் இல்லை. அவர் காலையில் ஒட்டன்சத்திரம் பஸ் ஏறினால் விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் வருவார். நான் பள்ளிக்கூடம் போக வேண்டும். பிள்ளையை எங்கே விடுவது? கூடவே கூட்டிப்போனேன். என் வகுப்பிலேயே உட்காரட்டும் என்று என் கையாலேயே அட்மிஷன் ரிஜிஸ்தரில் பெயர் எழுதினேன். ஹெட்மாஸ்டர் ஒரு சம்பிரதாயத்துக்கு, காதைத் தொடச் சொல்லுங்கம்மா என்றார். அவன் கை உச்சந்தலையைத் தாண்டவில்லை. கழுத்தைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்தேன். தொட்டது.

ஒன்றரை வயதைக் கூட்டிவிட்டேன். அவ்வளவுதான். யாருக்கு என்ன நஷ்டம் என்று அன்றைக்கு நினைத்தேன்.

சரி, கடலுக்கும் திண்டுக்கல்காரனுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிறீர்களா? அதைத்தான் ஒரு வருஷமாக எல்லாரும் கேட்டார்கள்.

ப்ளஸ் டூவில் கெமிஸ்ட்ரி போய், அக்டோபரில் எழுதிப் பாஸ் செய்தான். அப்புறம் கப்பலில்தான் வேலை பார்ப்பேன் என்று ஒரே பிடி. ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. முதல் தடவை தூத்துக்குடியில் கடலைப் பார்த்துவிட்டு வந்து இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அது மட்டும் எனக்குத் தெரியும். வேலைக்குப் பதிந்து வைக்கிற ஒரு அலுவலகத்துக்கு நானே கூட்டிப்போனேன். எந்த ஊர் என்று சொல்லப்போவதில்லை. அங்கே இருந்தவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டு எங்களைப் பார்த்தார். கப்பல் வேலைக்கு எங்கே எழுத வேண்டும் என்று கேட்டேன்.

“கப்பலா? ஆத்தூர் டேமுல பரிசல் ஓட்ட ஆள் வேணுமான்னு கேட்டுப் பாருங்க டீச்சர்.”

பக்கத்து மேஜைக்காரரும் சிரித்தார். பாஸ்கரன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். வெளியே வந்து சைக்கிளை எடுக்கும்போது அவன் காது மடல் சிவந்திருந்தது.

மெட்ராசுக்கு எழுதினான். பம்பாய்க்கு எழுதினான். ஆபீசர் ஆவதற்கான படிப்புக்கு ஒரு விண்ணப்ப பாரம் வந்தது. அதற்கு அவன் மார்க் போதாது, அதுவும் இங்கிலீஷில் இண்டர்வியூ. சரி, கப்பலில் தளம் கழுவுகிற வேலை? அதற்கும் ஒரு பாரம். அதில் ஒரு கேள்வி — உங்கள் குடும்பத்தில் யாராவது கப்பலில் வேலை பார்த்திருக்கிறார்களா? எங்கள் குடும்பத்தில் யாரும் மதுரைக்குத் தெற்கே வேலை பார்த்ததில்லை. “இல்லை” என்று எழுதினான். பதில் வரவில்லை. பதில் வராத கடிதங்களுக்கும் தபால்தலை ஒட்டத்தான் செய்கிறோம்.

கடல் என்ன, பரம்பரைச் சொத்தா? அப்பன் போனால்தான் மகன் போகலாமா? கடல் இல்லாத ஊரில் பிறந்தவன் கடலுக்குப் போக ஒரு நேர்வழி உண்டா இல்லையா? இருந்தால் அதை ஏன் ஒரு பள்ளிக்கூடச் சுவரிலும் எழுதி ஒட்டவில்லை? பாங்க் பரீட்சைக்கு மூலைக்கு மூலை டியூட்டோரியல் இருக்கிறது. கடலுக்கு? ஒரு துண்டுத்தாள் இல்லை. நேர்வழியை மறைத்து வைத்துவிட்டு, பிள்ளை குறுக்குவழியில் போய்விட்டான் என்றால், குற்றம் பிள்ளை மேலா?

இதையெல்லாம் நான் இன்று கேட்கிறேன். அன்று நானும், “டீச்சர் டிரெய்னிங் போ, அப்பு” என்றுதான் சொன்னேன். அவன் சொல்வதைச் செத்த நேரம் உட்கார்ந்து கேட்டிருக்கிறேனா? இல்லை. என்னிடம் சொல்லாமல் கந்தசாமியிடம் சொல்லிவிட்டு ஏன் போனான் என்பதற்கு இதுவே காரணம் என்று வீட்டுக்காரர் தூத்துக்குடி போகிற பஸ்ஸில் சொன்னார். அவர் அதிகம் பேசாதவர். பேசினால் இப்படித்தான்.

கடிதத்தைக் காட்டியதும் அவர் முதலில் சொன்னது வேறு. “போறான்னா போகட்டும் விடு. ஒரு மாசந்தானே.” நான் டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். பாஸ்கரன் பிறந்தது ஆயக்குடியில், என் அம்மா வீட்டில். பிறப்பைப் பதிய யாரும் போகவில்லை. ஆனால் ஜாதகம் எழுதி வைத்திருந்தார்கள். மஞ்சள் தடவிய நோட்டு. அவன் உண்மையான வயதுக்கு இந்த உலகத்தில் இருக்கிற ஒரே சாட்சி. அதை எடுத்துக்கொண்டு புதன்கிழமை முதல் பஸ்ஸில் மதுரை, அங்கிருந்து தூத்துக்குடி.

கந்தசாமி சொல்லியிருந்த இடத்துக்கு மத்தியானம் போய்ச் சேர்ந்தோம். வரிசையாகத் தோணிகள். எங்கள் தெருவில் மாடி வீடு எவ்வளவு உயரமோ அதைவிட இரண்டு பங்கு உயரத்துக்குப் பாய்மரம். பக்கவாட்டில் பிடித்துக்கொள்ள ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தேன். முழங்கால் உயரத்துக்கு ஒரு பலகை. பின்பக்கம் கடலுக்கு மேலே ஒரு மரக்கூண்டு தொங்கிக்கொண்டிருந்தது. அது என்ன என்று கேட்டேன். கக்கூஸ் என்றார்கள். நடுக்கடலில், அலையில், ராத்திரியும் பகலும், அதற்குள் போய்விட்டுத் திரும்பி வர வேண்டும். கரையோடு பேச ரேடியோ இருக்கிறதா என்று வீட்டுக்காரர் கேட்டார். பாட்டுக் கேட்க டிரான்சிஸ்டர் இருக்கு என்று ஒருவர் சொன்னார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அதுதான் இருந்தது.

பாஸ்கரன் தளத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தான். எங்களைப் பார்த்ததும் எழுந்தான். பயப்படுவான் என்று நினைத்தேன். அவன் முகத்தில் இருந்தது சந்தோஷம். வந்து பார் அம்மா என்று கூப்பிடப்போகிற முகம். என் முகத்தைப் பார்த்த பிறகுதான் அது மாறியது. அந்த மாற்றத்தை மறக்க முடியவில்லை.

தோணித் தலைவருக்கு அங்கே தண்டல் என்று பெயர். என்னைவிட வயது குறைந்தவர்தான். மரியாதையாகப் பேசினார். “பையன் கெட்டிக்காரன் டீச்சர். ரெண்டு நாள்ல நாலு முடிச்சுப் போடக் கத்துக்கிட்டான். நீச்சல் எங்கலே படிச்சன்னு கேட்டேன். கெணத்துலங்கான். கெணத்துல படி இருக்கும், கடல்ல படிக்கு எங்கலே போவேன்னு கேட்டேன். சிரிக்கான்.”

சுற்றி இருந்தவர்களும் சிரித்தார்கள். பையனுக்குப் பதினாறு வயது, இறக்கிவிடுங்கள் என்றேன். தண்டல் சிரிப்பை நிறுத்தினார். ஆள் சேர்ப்பதெல்லாம் முதலாளி ஆபீசில், அங்கே போய்ப் பேசுங்கள் என்று கை காட்டினார். பாஸ்கரனையும் கூட்டிக்கொண்டு போனோம். தண்டலும் பின்னால் வந்தார்.

ஆபீஸ் என்பது ஒரு மேஜை, ஒரு பெஞ்சு, சுவரில் ஒரு காலண்டர். கிளார்க் வயதானவர். உட்காரச் சொன்னார், டீ வாங்கிவரச் சொன்னார். கோபப்படவே விடவில்லை. பாஸ்கரனின் டி.சி.யை எடுத்து மேஜை மேல் வைத்தார்.

“பதினெட்டு முடிஞ்சிருக்குல்லா. மேஜர். அவனே கையெழுத்துப் போட்டுட்டான். இனி நீங்க வேண்டாம்னாலும் நான் என்ன செய்ய முடியும்?”

நான் ஜாதக நோட்டை நீட்டினேன். கார்த்திகை மாதம், இந்த நட்சத்திரம், இந்த வருஷம், பாருங்கள் என்றேன். அவர் அதைத் தொடவே இல்லை.

“ஜாதகத்த வச்சு கலியாணந்தான் பண்ணலாம்மா. ஆள் எடுக்க முடியாது.”

“டி.சி.யில் இருப்பது தப்பு.”

“சர்க்கார் முத்திர இருக்கே. தப்பா எழுதுனது யாரு?”

வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். பாஸ்கரன் தரையைப் பார்த்தான். பதிமூணு வருஷம் கழித்து ஒரு கேள்வி வந்து நிற்கிறது. ஹெட்மாஸ்டர் என்று சொல்லியிருக்கலாம். அவர் காலமாகிவிட்டார், மறுத்துப் பேசப் போவதில்லை.

“நான்தான்” என்றேன்.

கிளார்க் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னை முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தார். அப்புறம் மேஜை டிராயரைத் திறந்து மற்ற சான்றிதழ்களை எடுத்தார். சீட்டுக்கட்டு போல ஒவ்வொன்றாக என் முன்னால் போட்டார்.

“இந்தத் தோணிக்கு எட்டுப் பேரு. தண்டல விட்டுருங்க, அவரு பள்ளிக்கூடமே போகல. மத்த ஏழு பேரும் பாருங்க. ஜூனு, ஜூனு, ஜூனு... ஏழும் ஜூனு. நான் என்ன பண்ணட்டும் டீச்சர்? ஒங்க ஊர்லயெல்லாம் மத்த மாசம் புள்ளயே பெறுறதில்லயோ?”

சிரிப்பு வர வேண்டிய இடம். வரவில்லை. ஏழு ஜூன்களுக்குப் பின்னால் ஏழு ரிஜிஸ்தர், ஏழு டீச்சர். யார் யாருக்கு உண்மையில் என்ன வயது? யாருக்குத் தெரியும்?

அப்புறம் அவர் ஒரு வழி சொன்னார். வெள்ளைத்தாளில் நான் எழுதிக்கொடுக்க வேண்டும். இந்தச் சான்றிதழில் உள்ள பிறந்த தேதி பொய், அதை எழுதியது நான், பையனுக்கு உண்மை வயது இது, எனவே இவனை ஏற்ற வேண்டாம் என்று. என் பெயர், என் பள்ளி, என் கையெழுத்து. எழுதிக் கொடுத்தால் பெயரை எடுத்துவிடுவார். நாளைக்கு ஏதாவது கேள்வி வந்தால் முதலாளிக்குப் பாதுகாப்பு.

முதலாளிக்குப் பாதுகாப்பு. கவனியுங்கள். ஒரு பிள்ளையைக் கடலுக்கு அனுப்பவும் காகிதம், நிறுத்தவும் காகிதம். எதிரே நிற்கிற பையனின் முகத்தைப் பார்த்து வயது சொல்ல அங்கே யாருக்கும் கண் இல்லை. மாட்டுச் சந்தையில்கூடப் பல்லைப் பிடித்துப் பார்ப்பார்கள்.

தாளை என் முன்னால் தள்ளினார். அப்போதுதான் பாஸ்கரன் வாயைத் திறந்தான்.

“எழுதாதம்மா. எழுதுனா ஒனக்கு வேல போயிரும். எனக்கும் டி.சி. பொய்யின்னு ஆயிரும். அப்பறம் எந்தக் கப்பல்லயும் எடுக்க மாட்டாக.”

“அப்ப போறேங்கிறியா?”

“ஒரு மாசம்மா. வந்துர்றேன்.”

அவன் சொன்னதில் தப்பு எதுவும் இல்லை என்பதுதான் கொடுமை. அந்தத் தாளில் எழுதினால் நான் இருபது வருஷம் பார்த்த வேலையின் கழுத்தில் கத்தி. அவன் ஆசைப்பட்ட எதிர்காலத்தின் கழுத்திலும் அதே கத்தி. எழுதாவிட்டால் காலையில் முழங்கால் உயரப் பலகைக்கு அந்தப் பக்கம் கடல்.

வீட்டுக்காரர் மஞ்சள் பையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் வழியாகத் தோணியையே பார்த்துக்கொண்டிருந்தார். போகட்டும் விடு என்று சொன்ன மனுஷன்.

“எழுதிரு” என்றார்.

எழுதினேன். மூன்று இன்ஸ்பெக்டர்கள் பாராட்டிய கையெழுத்து. அன்றைக்குக் கோழி கிளறியது மாதிரி வந்தது. கிளார்க் படித்துப் பார்த்து, மடித்து, டிராயரில் வைத்தார். பட்டியலில் பாஸ்கரன் பெயர் மேல் ஒரு கோடு. முடிந்தது.

தண்டலுக்கு மட்டும் முகம் சரியில்லை. “இப்ப இன்னொரு ஆளுக்கு நான் எங்க போவேன்? டீச்சர், நீங்க வயசக் கூட்டுனீக, நாங்க ஏத்துனோம். எங்கள மட்டும் மொறைச்சா எப்படி?”

இதற்குப் பதில் இருந்தால் நீங்கள் எழுதி அனுப்புங்கள்.

ஆனால் அவர் ஆளுக்கு ரொம்ப அலையவில்லை. பாஸ்கரன் தன் துணிப்பையை எடுக்கத் தோணிக்குப் போய்த் திரும்புவதற்குள் — அரைமணிதான் இருக்கும் — டீக்கடைப் பக்கமிருந்து ஒரு பையனைக் கூட்டி வந்துவிட்டார்கள். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. அதற்குள் ஒரு சட்டை, ஒரு சான்றிதழ். கிளார்க் பெயரைக் கேட்டார். பையன் சொன்னான். குரல்கூட இன்னும் உடையவில்லை. மீசை அரும்பவில்லை. இருபது வருஷமாகப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன், எனக்கு ரிஜிஸ்தர் வேண்டாம். பதினாலு. மிஞ்சிப்போனால் பதினாலரை.

சான்றிதழை எட்டிப் பார்த்தேன். ஐந்தாம் வகுப்போடு நின்ற டி.சி. கடலுக்கு வெகு தூரத்தில், வறண்ட ஊர் ஒன்றின் பள்ளி முத்திரை. வேலைக்குப் போகிற பிள்ளை என்று டி.சி. எழுதும்போது யாரோ தாராளமாகக் கூட்டியிருந்தார்கள்: பதினெட்டு முடிந்திருந்தது. ஜூன்.

அவனுக்காக அங்கே யாரும் வந்திருக்கவில்லை. ஊரில் இருப்பவர்களுக்குத் தெரியுமோ தெரியாதோ. தெரிந்தாலும் பஸ் ஏறி வரக்கூடிய தாயா என்பதும் தெரியாது. என் பிள்ளை உட்கார்ந்த இடம் காலியானது. அந்த இடத்தில் இவன். இதற்கு நான்தான் ஏற்பாடு செய்தது போல இருந்தது.

கிளார்க் சான்றிதழையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். விளையாட்டாகத்தான் கேட்டார்.

“இவனுக்கும் நீங்கதான் எழுதுனீகளா டீச்சர்?”

“இல்லை” என்றேன்.

“அப்ப சரி” என்று பட்டியலில் பெயரை எழுதினார்.

பாஸ்கரன் வாசலில் பையோடு நின்று இதைக் கேட்டுக்கொண்டிருந்தான்.

திரும்பி வரும் பஸ்ஸில் என் பக்கம் திரும்பவே இல்லை. கோவில்பட்டியில் வீட்டுக்காரர் இறங்கி முறுக்கு வாங்கி வந்தார். வேண்டாம் என்று தலையசைத்தான். தோணி போச்சே என்ற கோபம் என்று நினைத்தேன். நீ கார்த்திகையில் பதினேழு, அடுத்த கார்த்திகையில் பதினெட்டு, அன்றைக்கு நானே கொண்டுவந்து விடுகிறேன், எங்கே வேண்டுமானாலும் எழுதிப் போடலாம், நானும் கூட எழுதுகிறேன் என்று சொல்லிக்கொண்டே வந்தேன். கேட்டானா என்றே தெரியவில்லை. விருதுநகர் தாண்டிய பிறகுதான் பேசினான்.

“அந்தக் கிளார்க் கேட்டப்ப ஆமான்னு சொல்லிருக்கலாம்ல. இன்னொரு தாள் குடுத்திருப்பாரு. அவனும் எறங்கிருப்பான்.”

அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்து பத்து நாள் ஆகிறது. அந்தத் தாள் தூத்துக்குடியில் ஒரு டிராயரில் கிடக்கிறது. இப்போது நீங்களும் படித்துவிட்டீர்கள். எங்கள் கல்வி அதிகாரிகளும் இந்தப் பத்திரிகை வாங்குகிறவர்கள்தான். வந்து கேட்கட்டும். அட்மிஷன் ரிஜிஸ்தரை நானே எடுத்து நீட்டுகிறேன். கூடவே நானும் சிலதைக் கேட்பேன். பிறந்ததைப் பதிய ஊருக்கு ஊர் ஒரு ஏற்பாடு ஒழுங்காக இருந்திருந்தால், பிள்ளையின் காதையும் கையையும் வைத்து நாங்கள் ஏன் வயது சொல்லிக்கொண்டிருந்தோம்? கைக்குழந்தைகளை விட்டுவிட்டு வேலைக்குப் போக ஒரு இடம் இருந்திருந்தால், அந்தத் தாய்மார் எங்களிடம் வந்து ஏன் அழுதார்கள்? ஆள் எடுக்கிற முதலாளிமார் காகிதத்தை விட்டுவிட்டுப் பையன்களை ஒரு தடவை பார்த்தால் என்ன? கேட்பேன். ஆனால் கேட்பதால் என் பங்கு குறைந்துவிடாது என்றும் தெரியும்.

தோணி இன்னும் திரும்பியிருக்காது. ரேடியோவில் வானிலை சொல்லும் நேரத்துக்குப் பாஸ்கரன் சத்தத்தைக் கூட்டி வைக்கிறான். குமரிக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு என்று ஒரு நாள் சொன்னார்கள். சோற்றுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்துபோனான். அந்தப் பையனின் பெயர் எனக்கு மறந்துவிட்டது. இவன் ஞாபகம் வைத்திருக்கிறான். நான் கேட்கவில்லை. கேட்கிற தைரியம் இல்லை.

ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் கூசாமல் பொய் எழுதிக் கொடுத்தேன். அன்றைக்கு வேண்டியிருந்த ஒரே ஒரு பொய் மட்டும் எனக்கு வாயில் வரவில்லை.